சோறு போட்டால் பிள்ளை வரும், இதற்கு எதற்கு நோபல் பரிசு?

ஆலங்குளம் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் கேட்டது:

"சேரன்மாதேவி ரயில்வே கேட்டில் காமராஜர் காரை நிறுத்தி, ஆடு மேய்த்த பையனிடம் ஏன் பள்ளிக்கூடம் போகலை என்று கேட்டாராம். போனா சோறு யார் போடுவா என்றானாம் பையன். முடிந்தது ஆராய்ச்சி. சோறு போட்டார், பிள்ளைகள் வந்தார்கள். இப்போது அமெரிக்காவில் இருந்துகொண்டு கென்யா, ராஜஸ்தான் என்று ஆள் அனுப்பி, வருடக்கணக்கில் கணக்கெடுத்து, அதே பதிலைச் சொல்லி நோபல் வாங்குகிறார்கள். என் தங்கச்சி மகள் எம்.ஏ. பொருளாதாரத்தில் சேர்ந்து இதைத்தான் படிக்கப் போகிறாளாம். எங்க ஊர் டீக்கடையில் தெரியாத எதை இவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்?"

ஜூன் 9, இரவு

அண்ணாச்சி, சோறு போட்டால் பிள்ளை வரும் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. எத்தனை பிள்ளை கூடுதலாக வந்தது, வந்த பிள்ளை என்ன படித்தது, அதே பணத்தை வேறு எதிலாவது போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும், இந்த மூன்றுக்கும் டீக்கடையில் பதில் கிடையாது. 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியது (அன்றைக்கு அது நம் திருநெல்வேலி மாவட்டம், தூத்துக்குடி பிரிந்தது 1986-ல்தான்). அதே காலத்தில்தான் ஊர் ஊராகப் புதுப் பள்ளிக்கூடங்களும் திறந்தார்கள். பையன் சோற்றுக்காக வந்தானா, பள்ளிக்கூடம் நடக்கிற தூரத்துக்கு வந்ததால் வந்தானா? இரண்டும் ஒரே நேரத்தில் நடந்திருந்தால் வந்த பிள்ளைகளை எண்ணி மட்டும் பிரிக்க முடியாது. இந்த வகைப் பொருளாதாரத்தின் முக்கால்வாசி வேலை இப்படிப் பிரிப்பதுதான்.

ஜூன் 10, காலை

ஒரு வாசகர் "2019 நோபல் கென்யாவில் பூச்சி மாத்திரை கொடுத்ததற்கு" என்று எழுதியிருக்கிறார். ஒற்றை ஆய்வுக்குக் கொடுத்ததில்லை. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரேமர் மூவருக்கும், உலக வறுமையைக் குறைக்கச் சோதனை முறையில் வழி தேடியதற்காகக் கொடுத்தது. ஆனால் அந்தப் பூச்சி மாத்திரைக் கதை அண்ணாச்சி அவசியம் கேட்க வேண்டியது.

மேற்கு கென்யாவில் புசியா என்ற பகுதி, 75 தொடக்கப் பள்ளிகள். எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் மாத்திரை கொடுக்க வசதி இல்லை, அதனால் மூன்று கூட்டமாகப் பிரித்து வெவ்வேறு ஆண்டுகளில் கொடுக்கத் தொடங்கினார்கள். பிந்தி வாங்கப்போகிற பள்ளிகள் அதுவரை ஒப்பிட்டுப் பார்க்க உதவின. கிரேமரும் எட்வர்ட் மிகேலும் 2004-ல் எழுதிய கட்டுரைப்படி, மாத்திரை கொடுத்த பள்ளிகளில் பிள்ளைகள் வராமல் போவது நாலில் ஒரு பங்கு குறைந்தது. மாத்திரை சாப்பிடாத பிள்ளைகளுக்கும் அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்கும்கூடப் பலன் கிடைத்தது, ஏனென்றால் மண்ணில் புழு முட்டை விழுவதே குறைந்துவிடுகிறது. ஒரு பிள்ளையைக் கூடுதலாக ஒரு வருடம் பள்ளியில் இருத்துவதற்கு அன்றைய கணக்கில் மூன்றரை டாலர்தான் செலவு.

எல்லாம் சரி, பரீட்சை மதிப்பெண்? ஏறவே இல்லை.

பிள்ளை வந்தது, படிப்பு ஏறவில்லை. இதை டீக்கடையில் யாராவது முன்கூட்டியே சொல்லியிருப்பார்களா? நான் சொல்லியிருக்க மாட்டேன்.

ஜூன் 10, மாலை

மேலே எழுதியது ரொம்ப வழவழப்பாக வந்துவிட்டதால் இதையும் சேர்க்கிறேன். லண்டனில் உள்ள நோய்ப்பரவல் ஆய்வாளர்கள் அந்தப் பழைய தரவை வாங்கி மறுபடி கணக்குப் போட்டு 2015-ல் வெளியிட்டார்கள். பக்கத்துப் பள்ளிகளுக்குப் பலன் போனது என்ற பகுதி அவர்கள் கணக்கில் தளர்ந்துவிட்டது. பெரிய வாய்ச்சண்டை நடந்தது, 'புழுப் போர்' என்று பெயரே வைத்தார்கள். தரவை எதிராளி கையில் கொடுத்துச் சண்டை போட விட்டார்கள் என்பது எனக்குப் பிடித்திருந்தது. நம் ஊரில் ஒரு திட்டத்தின் கணக்கைக் கேட்டால் முதலில் "நீங்க யாரு?" என்பார்கள்.

நம் பள்ளிகளிலும் குடற்புழு நீக்க நாள் என்று 2015-லிருந்து அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். அந்த 'பூச்சி மாத்திரை நாள்' இதே விவாதத்தின் ஒன்றுவிட்ட தம்பி.

ஜூன் 11, காலை

களக்காட்டிலிருந்து ஒரு டீச்சர் கோபமாக எழுதியிருக்கிறார்: "ஒரு ஊருக்குக் கொடுத்துவிட்டு இன்னொரு ஊருக்குக் கொடுக்காமல் வேடிக்கை பார்ப்பது பாவமில்லையா? எங்கள் பிள்ளைகள் என்ன வெள்ளெலிகளா?"

நியாயமான கோபம் டீச்சர். கையில் பணமும் இருந்து, பலனும் நிச்சயமாகத் தெரிந்து, கொடுக்காமல் நிறுத்தி வைத்தால் அது பாவம்தான். ஆனால் பெரும்பாலும் இருக்கிற பணம் நூறு ஊருக்குத்தான் காணும், கேட்பது ஆயிரம் ஊர். அப்போது யாருக்குக் கொடுப்பது? நம் வழக்கப்படி ஒன்றியச் செயலாளரின் ஊருக்கு முதலில். குலுக்கல் போட்டுக் கொடுத்தால் அதைவிட நியாயம், கூடவே கற்றுக்கொள்ளவும் வழி.

ஜூன் 11, அதே காலை, டீ குடித்த பிறகு

குலுக்கல் பதில் டீச்சரின் கேள்வியில் பாதிக்குத்தான். மீதிப் பாதி, அளக்கப்படும் ஆள் என்ன நினைக்கிறாள் என்பது. கணக்கெடுப்பு ஆளாக இருந்து நானும் கொஞ்ச காலம் வயிறு வளர்த்தவன். முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் ஒரு அம்மா கேட்டாள்: "போன தடவையும் இப்படித்தான் ரெண்டு பிள்ளைங்க வந்து எல்லாம் எழுதிட்டுப் போச்சு. அதுல என்ன வந்துது?" அவள் கையில் இலையும் தூளும். நான் கேட்ட நேரத்தில் அவள் சுற்றாமல் விட்ட பீடிக்குக் கூலி போச்சு, அதை எந்த ஆய்வும் அவளுக்குக் கொடுக்கவில்லை. நான் படித்துக் காட்டிய ஒப்புதல் தாளில் "எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம்" என்று இருந்தது. நிறுத்திக்கொள்கிறேன் என்று யாரும் சொன்னதில்லை. வந்த ஆளை வெளியே போ என்று சொல்ல நம் ஊர்ப் பெண்களுக்கு வாய் வராது. இதை ஒப்புதல் என்று எண்ணிக்கொள்வது எனக்கு இன்றுவரை உறுத்தல்தான்.

ஜூன் 12

பீடியைத் தொட்டுவிட்டதால் கொஞ்சம் நீட்டுகிறேன், பிடிக்காதவர்கள் அடுத்ததற்குப் போங்கள்.

"உங்கள் மகள் வேலை செய்கிறாளா?" என்பது படிவத்தில் இருந்த கேள்வி. ஆலங்குளம், கடையம், பாவூர்சத்திரம், மேலப்பாளையம், எங்கே கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "இல்ல சார், படிக்கிறா." படிவத்தில் 'இல்லை' என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம். ஆனால் அந்தப் பெண் எதிரேயே உட்கார்ந்து, அம்மா சுற்றிப் போட்ட பீடியின் நுனியை மடக்கிக்கொண்டிருப்பாள். அது வேலை இல்லையாம், சும்மா ஒத்தாசையாம். அம்மா பொய் சொல்லவில்லை, அவள் கணக்கில் வேலை என்றால் தன் பெயரில் உள்ள பீடிக் கடை பாஸ்புக்கில் எண்ணிக்கை ஏறுவதுதான். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி போடுகிற தொழிலில், மகள் மடக்கிக் கொடுத்ததும் அம்மாவின் ஆயிரத்தில்தான் சேரும். கொஞ்சம் பயமும் உண்டு, எழுதிக்கொண்டு போகிறவன் யாரிடம் கொடுப்பான் என்று யாருக்குத் தெரியும்?

கேள்வியை மாற்றினோம். "நேற்று பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து தூங்கும் வரை மகள் என்னென்ன செய்தாள்?" என்று மணிக்கணக்காகக் கேட்டால் கதை தானாக வரும். வந்தாள், காபி குடித்தாள், சீரியல் ஓடும்போது கொஞ்சம் மடக்கினாள், தண்ணி பிடித்தாள், மறுபடி கொஞ்சம் மடக்கினாள். அந்தக் 'கொஞ்சம்' எல்லாவற்றையும் கூட்டினால் வீட்டுப் பாடத்துக்கு மிஞ்சுவது என்ன என்று தெரிந்துவிடும். முதல் கேள்வியோடு நிறுத்தியிருந்தால் 'பீடி வட்டாரத்தில் பெண் பிள்ளைகள் உழைப்பு அறவே இல்லை' என்று அழகான அட்டவணை ஒன்று அச்சாகியிருக்கும்.

இதையெல்லாம் வைத்துப் பீடிதான் கெட்டது என்று ஓடிவிடவும் முடியாது. அந்தக் கூலிதான் அவளைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்த பணம், பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகையும் அந்தப் பாஸ்புக்கைக் காட்டித்தான் வாங்கினாள். ஒரே தொழில் ஒரு கையால் நேரத்தை எடுத்து மறு கையால் காசைக் கொடுக்கிறது. மொத்தத்தில் எது கனம் என்பது உட்கார்ந்து யோசித்துச் சொல்லக்கூடியதில்லை.

ஜூன் 13, காலை

அப்புறம் கோயில் கொடை, அதாவது ஊர்த் திருவிழா. பள்ளி வருகையைத் திடீரென்று போய் எண்ணுவது நல்ல முறைதான், ஆனால் கோயில் கொடை நடக்கிற செவ்வாய்க்கிழமை போய் எண்ணினால் அந்த ஊரில் படிப்பே இல்லை என்று எழுதுவீர்கள். வெளியூரிலிருந்து வந்த மேற்பார்வையாளர் ஒருவர் அட்டவணையை ஆனித் தேரோட்டத்தன்று போட்டு அனுப்பினார். நெல்லையப்பர் தேருக்கு மாவட்டத்துக்கே விடுமுறை என்று சொன்னதும் "ஒரு நாள்தானே, அடுத்த நாள் போங்கள்" என்றார். அடுத்த நாள் டவுன் பக்கம் எத்தனை பிள்ளை வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

ஜூன் 13, இரவு

"இலவசம் என்றால் மதிப்பிருக்காது, ஒரு ரூபாயாவது வாங்க வேண்டும்." வள்ளியூர்க்காரர் ஒருவர். எந்தக் கல்யாண வீட்டுப் பந்தியிலும் கேட்கிற வசனம்.

அளந்திருக்கிறார்கள். கென்யாவிலேயே, கர்ப்பிணிகளுக்குக் கொசுவலை. ஜெசிகா கோஹன், பாஸ்கலின் டூபா இருவரும் சில மருத்துவமனைகளில் இலவசமாகவும் சிலவற்றில் வெவ்வேறு சிறு விலைக்கும் கொடுத்துப் பார்த்தார்கள், கட்டுரை 2010-ல் வந்தது. விலை சும்மாவிலிருந்து 60 சென்ட்டுக்கு ஏறினதும் வாங்குகிறவர்கள் விகிதம் 60 சதவீதப் புள்ளி விழுந்துவிட்டது. சரி, காசு கொடுத்து வாங்கினவர்களாவது மதிப்புத் தெரிந்து கட்டித் தூங்கினார்களா? இலவசமாக வாங்கினவர்களைவிட அவர்கள் அதிகம் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு எல்லா இலவசமும் நல்லது என்று யாராவது போஸ்டர் ஒட்டினால் நான் பொறுப்பில்லை. கொசுவலை கட்டினால் பக்கத்து வீட்டுக்கும் நோய் குறையும். மிக்ஸிக்கு அந்தக் குணம் கிடையாது.

ஜூன் 14

அண்ணாச்சி மறுபடி: "சோறு, மாத்திரை, கொசுவலை, எல்லாம் கென்யா. நம்ம பக்கம் எதுவும் இல்லையா?"

இருக்கிறது, நீங்கள் விடவே போவதில்லை என்பதால் இரண்டு சொல்கிறேன்.

ஒன்று, பால்வாடி. அங்கன்வாடி என்று போர்டு மாற்றி எத்தனையோ வருடமாகியும் நம் வாயில் பால்வாடிதான். ஒரு டீச்சர், ஒரு ஆயா. டீச்சர் எடை பார்க்க வேண்டும், சத்துமாவு கொடுக்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், தடுப்பூசிக்கு ஆள் கூப்பிட வேண்டும், இதற்கு நடுவில் மூன்று வயதுப் பிள்ளைக்கு அ, ஆ சொல்லித்தர வேண்டும். அலெஹாந்திரோ கானிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் மூவரும் தமிழ்நாட்டில் 320 மையங்களை எடுத்து, குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும் பாலர் கல்விக்கென்று அரைநாள் ஆள் ஒருவரைக் கூடுதலாகப் போட்டுப் பார்த்தார்கள். சொல்லித்தரும் நேரம் இரண்டு மடங்கானது. பிள்ளைகளுக்குக் கணக்கும் மொழியும் ஏறியது. இதுவரை எதிர்பார்த்ததுதான். பழைய டீச்சருக்குக் கை ஓய்ந்ததால் உணவு, உடல்நலம் பக்கம் அவர் கூடுதலாகக் கவனித்து, வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாத பிள்ளைகளின் விகிதமும் குறைந்தது. பாடம் சொல்லித்தர ஆள் போட்டால் பிள்ளை வளரும் என்று எந்தப் பெஞ்சில் பேசிக்கொண்டார்கள் அண்ணாச்சி?

இரண்டு, கொரோனா. அபிஜித் சிங், மௌரிசியோ ரோமெரோ, முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமப் பிள்ளைகள் சுமார் 19,000 பேரைப் பரிசோதித்தார்கள். 2019-ல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டால், 2021 டிசம்பரில் கணக்கில் 0.7 திட்டவிலக்கம் பின்தங்கியிருந்தார்கள், மொழியில் 0.34. இந்த எண் ஒன்றும் புரியாது என்பதால் இப்படிப் பாருங்கள்: நூறு பிள்ளைகளை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால் நடுவில் ஐம்பதாவதாக நிற்க வேண்டிய பிள்ளை, ஏறக்குறைய எழுபத்தாறாவது இடத்துக்குப் போய்விட்டது. பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்பில் சுமார் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

என் மதினி அதில் தன்னார்வலராக இருந்தாள், மாதம் ஆயிரம் ரூபாய், வீட்டுத் திண்ணையில் சாயங்கால வகுப்பு. இந்தக் கட்டுரையைச் சொன்னபோது "24 தானா? நாங்க 80-ன்னு நெனச்சோம்" என்றாள். மிச்சத்தில் பள்ளி திறந்ததன் பங்கு இருக்கிறது மதினி, உங்கள் திண்ணைக்கு 24 சின்னப் பங்கில்லை என்றேன். சமாதானமாகவில்லை.

ஜூன் 15, காலை

சைக்கிள் பற்றிக் கேட்டவருக்கு. பீகாரில் ஒன்பதாவது சேரும் பெண் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்ததை முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அளந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் பெண்கள் சேர்க்கை 32 சதவீதம் ஏறியது, ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது, பள்ளி தூரமாக உள்ள ஊர்களில் பலன் அதிகம். பக்கத்து ஜார்க்கண்டில் அந்தத் திட்டம் இல்லை, பீகாரிலேயே பையன்களுக்கு அப்போது கிடையாது, இந்த இரண்டையும் வைத்து ஒப்பிட்டார்கள். தமிழ்நாட்டில் அதற்கு முன்பே கொடுக்கத் தொடங்கிவிட்டோம். மாநிலம் முழுக்க எல்லாருக்கும் ஒரேயடியாகக் கொடுக்கும்போது, கொடுக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று காட்ட ஆள் மிஞ்சுவதில்லை.

ஜூன் 15, மதியம்

காலை உணவுத் திட்டத்தில் அந்த வாய்ப்பு கொஞ்சம் இருந்தது. 2022 செப்டம்பரில் முதலில் 1,545 பள்ளிகள், 2023 ஆகஸ்டில்தான் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும். இடையில் ஏறக்குறைய ஒரு வருடம். முந்தி வாங்கின பள்ளியையும் பிந்தி வாங்கின பள்ளியையும் ஒப்பிடலாமே என்று தோன்றும். ஆனால் முதலில் தேர்ந்தெடுத்ததில் மாநகராட்சி, நகராட்சி, மலைப்பகுதி என்று கலந்திருந்தது. பாளையங்கோட்டையில் மாநகராட்சிப் பள்ளிக்கும் ராதாபுரம் பக்கத்து ஊராட்சிப் பள்ளிக்கும் வித்தியாசம் உப்புமா மட்டும்தானா? அதனால் அந்தந்தப் பள்ளி தன் பழைய நிலையிலிருந்து எவ்வளவு மாறியது என்று பார்த்து, அந்த மாற்றங்களை ஒப்பிட வேண்டும். திட்டம் வருவதற்கு முன் இரண்டு வகைப் பள்ளியும் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தனவா என்பதையும் பார்க்க வேண்டும். கொரோனா முடிந்த அடுத்த வருடம் வேறு. எந்தப் பள்ளி 'இயல்பான' திசையில் போனது?

ஜூன் 16

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு தோற்றுப்போன ஒன்று. ராஜஸ்தானில் உதய்பூர் பக்கம் ஆசிரியர்களுக்குக் கேமரா கொடுத்து, பிள்ளைகளோடு காலையும் சாயங்காலமும் படம் எடுத்தால்தான் சம்பளம் என்று தொண்டு நிறுவனப் பள்ளிகளில் செய்தபோது ஆசிரியர் வராத நாள் 42 சதவீதத்திலிருந்து 21 ஆனது. பிரமாதம். அதே ஊரில் அரசு செவிலியர்களுக்கு நேரம் பதியும் கருவி வைத்தார்கள். தொடக்கத்தில் வருகை நன்றாக ஏறியது. பிறகு துறையே 'விலக்கு நாள்' என்று தாராளமாக அனுமதி கொடுக்க ஆரம்பித்து, 16 மாதத்தில் கருவி இருந்த இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் வித்தியாசமே இல்லாமல் போனது.

தொண்டு நிறுவனத்தில் ஓடியது அரசில் ஓடும் என்று நினைக்காதே என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? பள்ளி விவரம் பதிகிற எமிஸ் செயலியோடு மல்லுக்கட்டும் ஆசிரியர்கள் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம், உங்கள் ஆய்வு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

ஜூன் 16, இரவு

உதய்பூர் என்றதும் பருப்பு ஞாபகம் வந்தது. தடுப்பூசி முகாமுக்கு வந்தால் ஒவ்வொரு முறையும் ஒரு கிலோ பருப்பு, எல்லா ஊசியும் முடித்தால் சாப்பாட்டுத் தட்டு. ஒன்றும் செய்யாத ஊர்களில் முழுத் தடுப்பூசி 6 சதவீதம், ஒழுங்காக முகாம் மட்டும் நடத்திய ஊர்களில் 18, பருப்பும் சேர்த்தால் 39. பருப்புச் செலவு சேர்ந்ததால் தலைக்குச் செலவு ஏறியிருக்கும் என்றுதானே நினைப்போம்? ஒரு பிள்ளைக்கு 56 டாலரிலிருந்து 28 ஆகக் குறைந்தது. செவிலியர் சம்பளமும் வண்டி வாடகையும் எப்படியும் கொடுத்தாக வேண்டியவை, வந்த பிள்ளைகள் கூடினால் தலைக்குப் பங்கு குறையும்.

நம் ஊருக்கு இது பொருந்துமா? பெரிதாகப் பொருந்தாது. இங்கே நர்சம்மா வீட்டு வாசலுக்கே வந்து "ஏன் ஊசிக்கு வரலை" என்று திட்டிவிட்டுப் போவார். பருப்பைவிட மலிவு.

ஜூன் 18

அண்ணாச்சியின் தங்கச்சி மகளே எழுதிவிட்டாள். பணம் இல்லாமல் பீடி வீடுகளில் ஒரு சின்ன ஆய்வு செய்ய முடியுமா என்று கேட்கிறாள். முடியும்மா. இருநூறு கேள்விப் படிவம் வேண்டாம், இருபது போதும். ஆண்டு வருமானம் கேட்காதே, நேற்று எத்தனை பீடி என்று கேள். கடைக்குப் பீடி கொண்டுபோகும் நேரத்தில் போகாதே. நீ பேசும்போது அவர்கள் கை நிற்காத மாதிரி கேள், பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள். பிள்ளைக்குப் படிக்கத் தெரியுமா என்று அம்மாவிடம் கேட்டு எழுதாதே, அம்மாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு இரண்டாம் வகுப்புப் பத்தியைக் கொடுத்துப் படிக்கச் சொல்லிப் பார். எந்த ஊர், எந்த வீடு என்பதை நீ முடிவு செய்யாதே, வாக்காளர் பட்டியலை வைத்துக் குலுக்கிப் போடு. சொந்தக்காரர் வீடு வந்தால் அதை மட்டும் வேறு ஆளை வைத்துக் கேள்.

புள்ளியியல் தாளைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிப்போடாதே. மாமாவிடம் செலவுக்கு வாங்கிக்கொள், இவ்வளவு கேள்வி கேட்டவர் பேருந்துக்காவது கொடுக்கட்டும்.